மஞ்சள் அட்டை போடும் ஆறு பிள்ளைகள்

ஒன்றாம் வகுப்பு டீச்சரைப் பள்ளியில் எல்லோரும் ‘மெதுவா டீச்சர்’ என்றுதான் சொல்வார்கள். பத்தொன்பது வருடமாக அதே அறை. எந்தப் பிள்ளையையும் அதட்டியதில்லை. ஒருவன் இன்னொருவனைத் தள்ளிவிட்டால் இருவரையும் எதிரெதிரே உட்காரவைத்து, “நீ சொல்லு, அவன் கேக்கட்டும். அப்புறம் அவன் சொல்லுவான், நீ கேளு. மெதுவா, மெதுவா” என்பார். இதையெல்லாம் எந்தப் பயிற்சி வகுப்பிலும் படித்து வரவில்லை. தினமும் பள்ளி விட்டதும் ஒரு நோட்டை எடுத்து, அன்று யார் அழுதார்கள், எதற்கு, என்ன சொன்னதும் அழுகை நின்றது என்று எழுதி எழுதித் தானாகக் கற்றுக்கொண்டது.

அட்டைப் பலகையும் அப்படி வந்ததுதான். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு துணிப்பை, அதன்மேல் ஒரு படம். காலையில் வந்ததும் அன்றைய மனநிலையை ஓர் அட்டையாகப் பையில் போட வேண்டும். மஞ்சள் என்றால் சந்தோஷம், நீலம் வருத்தம், சிவப்பு கோபம், சாம்பல் பயம். அடுத்தவர் அட்டையை யாரும் தொடக்கூடாது. வகுப்பில் மீறக்கூடாத விதி அது ஒன்றே. பெற்றோரும் பார்க்கட்டும் என்று பலகையை வாசல் கதவை ஒட்டி மாட்டியிருந்தார்.

தையல்கடை வைத்திருந்த அவர் கணவருக்கு இதில் ஒரே கேலி. “நீயும் காலையில சமையல்கட்டுல ஒரு அட்டைய மாட்டிட்டுப் போயேன். தலைய நீட்டலாமா வேணாமான்னு எனக்குத் தெரிஞ்சிடும்.”

“மாட்டலாம். செவப்பு மட்டும் நெறைய வெட்டணும்.”

வகுப்பில் இருந்த இருபத்தெட்டுப் பிள்ளைகளில் ஆறு பேர் ஒரே வெள்ளை வேனில் வந்தார்கள். மற்ற டிரைவர்கள் கேட்டிலேயே இறக்கிவிட்டுப் போய்விடுவார்கள். இவர் மட்டும் ஆறு பேரையும் வரிசையாக வகுப்பு வாசல்வரை கூட்டிவருவார். ஆறு பேரும் அட்டை போட்டு முடிக்கும்வரை கதவோரம் நிற்பார். தேய்த்த சட்டை, குரல் உயர்த்தாத பேச்சு.

“உங்க வேன் பிள்ளைங்க தினமும் மஞ்சள்தான்ணா” என்று ஒருநாள் டீச்சரே அவரைப் பாராட்டியிருக்கிறார்.

“அழுமூஞ்சியா கொண்டுவந்து விடக்கூடாதுல்ல டீச்சர்? அது நம்ம பழக்கம் கெடயாது.”

நோட்டில் அந்த ஆறு பேருக்கான பக்கங்கள் இரண்டு மாதமாக வெறுமையாக இருந்தன. தன் வேலை பலித்துவிட்டது என்று டீச்சர் நினைத்தார்.

ஒரு புதன்கிழமை, அந்த ஆறு பேரில் ஒருத்தி சாம்பல் அட்டையைப் போட்டாள். அவள் பையில் சிட்டுக்குருவிப் படம். அதனால் வகுப்பில் அவள் பெயர் சிட்டு. மற்ற ஐந்து பேரும் அசையாமல் நின்றார்கள். அவர்களில் முன்பல் விழுந்த ஒருவன், எல்லோருக்கும் ஓட்டைப்பல்லன், சட்டென்று எட்டி அந்த அட்டையை உருவிவிட்டு மஞ்சளைச் செருகினான்.

டீச்சர் அவனருகே குனிந்தார். “கண்ணா, அவ மனசு அவளோடது. அவ போட்டத நாம மாத்தக்கூடாது, இல்லையா?”

டீச்சர் தன் கையாலேயே சாம்பலை மறுபடி வைத்தார்.

கதவோரம் நின்ற டிரைவர் அந்தப் பையைப் பார்த்தார். சிரித்தார். “என்ன பாப்பா, பயமா? சரி, சாயங்காலம் பாத்துக்கலாம்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

பத்து மணிக்குச் சிட்டு பாவாடையை நனைத்துக்கொண்டாள். உடை மாற்றிக் கூட்டிவந்த ஆயா டீச்சரைத் தனியாக அழைத்தார். “இந்தப் பொண்ணு மணி என்ன, மணி என்னன்னு என் உசுர வாங்குதும்மா. மூணரை ஆகக்கூடாதாம். மூணரைக்கு என்னடி தங்கம்னு கேட்டா வாய பொத்திக்குது.”

மூன்றரைக்கு வேன் வரும்.

ஆனால் டீச்சர் சிட்டுவைக் கேட்கவில்லை. நேராகக் கேட்டால் பிள்ளைகள் கேட்பவருக்குப் பிடித்த பதிலைச் சொல்வார்கள் என்பது அந்த நோட்டு அவருக்குச் சொல்லிக்கொடுத்தது. மதியம் மற்றவர்களை ஆயாவோடு மைதானத்துக்கு அனுப்பிவிட்டு, ஆறு பேரையும் விளையாட்டு மூலையில் விட்டார். சின்ன நாற்காலிகள், ஒரு கயிறு, ஒரு பழைய தட்டு. அவர் சற்றுத் தள்ளி உட்கார்ந்து புத்தகங்களுக்கு உறை போட்டார்.

நாற்காலிகள் வேனாயின. தட்டைப் பிடித்து ஓட்டைப்பல்லன் ஓட்டினான். ஒவ்வொருவராக இறங்கினார்கள். கடைசி நாற்காலியில் சிட்டு மட்டும் மிச்சம்.

“நீ எறங்காத. அழுதவங்க கடைசி” என்றான் அவன், ஒரு பெரிய மனிதரின் தணிந்த குரலில். கயிற்றை எடுத்து நாற்காலியைச் சுற்றிக் கட்டினான். “பூட்டிட்டேன். ஆயிரம் வரைக்கும் எண்ணு. கண்ணாடிய தட்டுனா நாளைக்கும் உள்ளதான். வீட்ல சொன்னா ராத்திரியும் உள்ளதான்.”

சிட்டுவுக்கு இருபது வரைதான் தெரியும். இருபது எண்ணினாள். மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினாள். மற்ற நால்வரும் உதட்டின்மேல் விரல் வைத்து நின்றார்கள். யாரும் சிரிக்கவில்லை.

நான்காவது இருபதில் டீச்சர் எழுந்துபோய்க் கயிற்றை அவிழ்த்தார். அவள் மூக்கு நுனியில் வேர்வை இருந்தது. காலையில் அந்த அட்டையை மறுபடி வைத்தது தன் கைதான் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

பார்த்ததைப் போய்ச் சொன்னபோது தலைமையாசிரியை நம்பவில்லை. “மூணு வருஷமா வர்ற மனுஷன். பிள்ளைங்க வெளையாட்டுல சொன்னத வச்சா ஒருத்தர் மேல பழி போடுவீங்க?”

“வெளையாட்டுலதான் மேடம் அவங்க பயப்படாம சொல்லுவாங்க.”

“அம்மா அப்பா கேட்டா நான் என்ன பதில் சொல்றது?”

“நான் சொல்லிக்கிறேன். ஆறு வீட்டுக்கும் போன் பண்ணிட்டேன். வந்துக்கிட்டிருக்காங்க.”

மூன்றரைக்கு வேன் கேட்டுக்குள் வந்து வளைத்து நின்று ஹாரன் அடித்தது. டீச்சர் ஆறு பேரையும் அறையில் ஆயாவிடம் விட்டு, கதவைச் சாத்திக்கொண்டு கேட்டுக்கு வந்தார்.

“எங்க டீச்சர் நம்ம பிள்ளைங்க?”

“இன்னைக்கு அவங்க வேன்ல வரல.”

டிரைவர் சாத்தியிருந்த வகுப்புக் கதவைப் பார்த்தார். பிறகு காலையில் சிரித்த அதே சிரிப்பு. “அந்தச் சாம்பல் அட்டை பாப்பா ஏதாவது சொல்லுச்சா?”

“அவ ஒண்ணும் சொல்லல.”

“அப்ப சரி. எனக்கு நேரமாச்சு. வேற ஸ்கூல் பிள்ளைங்க உள்ள காத்துட்டிருக்கு.”

டீச்சர் அவரைத் தாண்டி வேனைப் பார்த்தார். ஏற்றிவிட்ட கண்ணாடிகளுக்குப் பின்னால் ஏழு முகங்கள், அவருக்குத் தெரியாத வேறு சீருடையில். வெயில் நேராக அடித்தது. ஒரு பிள்ளைகூடப் பேசவில்லை, தள்ளவில்லை, அழவில்லை. ஏழும் உதட்டை இறுக்கிக்கொண்டு அவரையே பார்த்தன.

“கேட்ட சாத்துங்க” என்று வாட்ச்மேனிடம் சொன்னார். மெதுவாகச் சொல்லவில்லை. பிறகு நடந்துபோய் வேனுக்கு முன்னால் நின்றார்.

“மொதல்ல இந்தக் கதவ தெறங்க.”

டிரைவர் ஏறி உட்கார்ந்து என்ஜினைக் கிளப்பினார். டீச்சர் நகரவில்லை. வேன் ஒரு சாண் முன்னால் வந்து நின்றது. உள்ளே ஒரு பிள்ளை விரலை மடக்கி எண்ணத் தொடங்கியிருந்தது.