வலது கையைக் கழுவாதீங்க

நாகலூர்ப் பக்கத்து எஸ்டேட் ஒன்றில் பதினெட்டு வருடமாகக் காப்பி பறிக்கிறவள் ஆன்மேரி. மழையில் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு நின்ற பெண்களுக்கு மழைக்கோட்டு வேண்டும் என்று மேனேஜரின் ஜீப்பை மறித்தவள். எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் வெங்கடாசலம் அவளைக் கண்டால் வேறு பாதையில் போவார்.

சென்ற வருடம் மிளகுப் பறிப்பு முடியும் சமயம். ஒரு வியாழக்கிழமை பதினொரு மணிக்கு அவள் கணவன் ஸ்தனிஸ்லாஸைப் பிணமாக ஜீப்பில் கொண்டுவந்து தொழிலாளர் லயன் வீட்டு வாசலில் இறக்கினார்கள்.

"சில்வர் ஓக் மரத்துல ஏறி, மேல படர்ந்த மிளகு பறிச்சுட்டு இருந்தாப்ல. தவறி விழுந்துட்டாப்லம்மா" என்றார் வெங்கடாசலம். "காலையிலயே கொஞ்சம் போட்டிருந்தாப்ல போல. சாயந்தரத்துக்குள்ள அடக்கம் பண்ணிரலாம். எல்லாத்தையும் எஸ்டேட் பாத்துக்கும்."

"காலையில ராகிக் கஞ்சி குடிச்சுட்டுப் போனாருங்க" என்றாள் ஆன்மேரி. ஸ்தனிஸ்லாஸ் குடிக்காதவன் அல்ல. ஆனால் ஏறு வேலை இருக்கும் நாளில் அவன் தொட மாட்டான். இருபது வருடம் கூட வாழ்ந்தவளுக்குத் தெரியாதா?

உடம்பைத் துடைக்க உட்கார்ந்தார்கள். அவனைத் தூக்கி வளர்த்த அக்கா தெரசம்மாள் ஒரு பக்கம், ஆன்மேரி ஒரு பக்கம். மடங்கிக் கிடந்த வலது கை விரல்களை விரித்ததும் ஆன்மேரியின் கை அப்படியே நின்றது. உள்ளங்கையில் இரண்டு சிறு குழிகள். சாம்பல் வெள்ளையாய், தோல் காய்ந்து கெட்டிப்பட்டு, ஓரம் மட்டும் மேடு தட்டியிருந்தது. இடது பாதத்தின் அடியிலும் அதேபோல் ஒன்று. மிளகு பறித்த கை அவளுக்குத் தெரியும். அது கறுக்கும், வெடிக்கும், இப்படிச் சுட்டதுபோல் குழி விழாது. அந்த வருடம்தான் மூங்கில் ஏணிகளுக்குப் பதிலாக அலுமினிய ஏணி கொடுத்திருந்தார்கள். அந்தச் சரிவில் மரங்களை உரசிக்கொண்டு கரண்டுக் கம்பி போகிறது.

"அண்ணி, வலது கையைக் கழுவாதீங்க" என்றாள். துவைத்த பருத்தித் துணியை எடுத்துக் கையையும் பாதத்தையும் சுற்றிக் கட்டினாள். பிறகு போலீசுக்குப் போன் போட்டாள்.

வெங்கடாசலம் பதறிவிட்டார். "ஏம்மா, போலீஸ் வந்தா சேலத்துக்குக் கொண்டுபோயி அறுத்துக் கூறு போடுவாங்க. அந்தப் பாவம் வேணுமா?"

தெரசம்மாளும் அழுதாள். "எந் தம்பியை முழுசா மண்ணுல வைக்க உடு மேரி."

"குடிகாரன்னு பேரு வெச்சுப் பொதைக்கறதுக்குப் பதிலா, அறுக்கட்டும் அண்ணி" என்றாள் ஆன்மேரி. ஜீப் டிரைவர் உடலைத் தூக்க வந்தபோது குறுக்கே உட்கார்ந்துகொண்டாள். போலீஸ் வரும்வரை எழுந்திருக்கவில்லை.

மறுநாள் சேலத்தில் பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர் ஷீனா வெளியே வந்து, "கையைத் துணியால கட்டினது யாரு?" என்று கேட்டார்.

"நானுங்க."

"நல்ல வேலை செஞ்சீங்க. கழுவித் தேய்ச்சிருந்தா அடையாளம் கெட்டிருக்கும். அந்தத் தோலையும் ரத்தத்தையும் ஆய்வகத்துக்கு அனுப்பறேன்."

"கரண்டுதானுங்களே டாக்டரம்மா? அப்படி எழுதிருங்க."

டாக்டர் அவளை நேராகப் பார்த்தார். "பார்த்ததைத்தான் எழுதுவேன். முடிவு வர்றதுக்கு முன்னாடி உங்களுக்காகவும் எழுத மாட்டேன், எஸ்டேட்டுக்காகவும் எழுத மாட்டேன்."

ஆன்மேரிக்கு அந்தப் பதில் முதலில் சுருக்கென்றது. உடலோடு மலையேறிய வண்டியில் யோசித்தபோதுதான், தனக்கு வேண்டியதும் அப்படிப்பட்ட ஆள்தான் என்று பட்டது.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் அவளுக்கு வேலை இல்லை என்றார்கள். அடுத்து, லயன் வீட்டைக் காலி செய்யச் சொல்லிக் காகிதம் வந்தது. அவள் அதைக் கையெழுத்துப் போடாமல் திருப்பிக் கொடுத்தாள். "கேஸ் முடியட்டும். அதுக்கு முன்னால ஊட்டை உட்டு எறங்க மாட்டேன்னு சொல்லுங்க." பக்கத்து ஊரான வாழவந்தியில் ஒரு மிளகாய்த் தோட்டத்துக்குக் கூலிக்குப் போனாள். தெரசம்மாள் அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டாள்.

அறிக்கை மூன்றாவது மாதம் வந்தது. உள்ளங்கையில் மின்சாரம் நுழைந்த காயம், பாதத்தில் வெளியேறிய காயம். விலா எலும்பு முறிந்த இடத்தில் ரத்தக் கசிவு மிகக் குறைவு. விழும்போதே உயிர் அடங்கியிருக்க வேண்டும். ரத்தத்தில் சாராயம் துளியும் இல்லை. மரணத்துக்குக் காரணம் மின்சாரம் தாக்கியது.

அதைக் கேட்டபிறகு, அன்று மரத்தடியில் கூடை பிடித்துக்கொண்டிருந்த ஐயாக்கண்ணு தானாகவே ஸ்டேஷனுக்குப் போய், ஜீப் வருவதற்கு முன்பே மேனேஜர் சொல்லி வெங்கடாசலம் ஏணியை எடுத்து மறைத்ததைச் சொன்னான். சந்தேக மரணம் என்றிருந்த வழக்கின் பிரிவு, அலட்சியத்தால் நேர்ந்த மரணம் என்று மாறியது. மேனேஜர் பெயரும் வெங்கடாசலம் பெயரும் சேர்ந்தன. தெரசம்மாள் வந்து ஆன்மேரியின் வீட்டில் அடுப்பைப் பற்றவைத்தாள்.

வழக்கு இன்னும் சேலம் கோர்ட்டில் நடக்கிறது. வழக்குக்குப் பயந்து எஸ்டேட் அவளை மறுபடி வேலைக்கு எடுக்க வேண்டியதாயிற்று. இந்த வருடம் மிளகுப் பறிப்பின் முதல் நாள், கம்பி போகும் அந்தச் சரிவில் முப்பது பேர் மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார்கள்.

புது மேனேஜர் வந்து, "ஏன் யாரும் ஏறல?" என்றார்.

ஆன்மேரி எழுந்து நின்றாள். "கரண்டை நிறுத்தச் சொல்லுங்க. லைன்மேன் வந்து எங்க முன்னால பாத்துச் சொல்லட்டும். அப்புறம் ஏறுவாங்க."

"அதுக்கு மத்தியானம் ஆகுமேம்மா."

"ஆகட்டுங்க" என்றாள் அவள். "நாங்க இங்கயேதான் இருக்கோம்."