சுருக்க மருந்தோடு பத்தாங் பெர்ஜுந்தாய்க்கு

1988, ஆனி மாதத்தின் கடைசி ஞாயிறு. காலை ஏழு மணிக்கு ரவாங்கில் பஸ் ஏறினேன். பத்தாங் பெர்ஜுந்தாய்க்கு முப்பது கிலோமீட்டருக்குள்தான். டிக்கெட் ஒரு வெள்ளி இருபது காசு. ஈயம் தோண்டிய பழைய குட்டைகளைத் தாண்டிவிட்டால் அப்புறம் எண்ணெய் எடுக்கும் செம்பனை, மேலும் செம்பனை. போகாதவர்களுக்கு ஒரு யோசனை: வெயில் பக்கத்து ஜன்னலோரம் உட்காராதீர்கள். நான் உட்கார்ந்தேன். முகம் மிளகாய் அரைத்துப் பூசியதுபோல எரிந்தது.

அதற்கு வெயில் பாதிக் காரணம். மீதிக் காரணம் என் பையின் அடியில், காலுறைக்குள் சுருட்டி ஒளித்த ஒரு டியூப். வைட்டமின் ஏ-யிலிருந்து செய்யும் அமிலம் கலந்த களிம்பு. பருவுக்கு டாக்டர்கள் எழுதித் தருவது. அது முகச் சுருக்கத்தையும் குறைக்கிறதாம் என்று பத்திரிகையில் படித்திருந்தேன். எனக்கு வயது நாற்பத்தேழு. போன மாதம் பஸ்ஸில் ஒரு பெண் எழுந்து, "உக்காருங்க தாத்தா" என்று இடம் கொடுத்தாள். அந்த வாரமே மருந்துக் கடைக்குப் போனேன். பட்டாணி அளவு, இரவில் மட்டும், வெயில் ஆகாது என்றார் கடைக்காரர். நான் காலையும் இரவும் பஜ்ஜி மாவு மாதிரி அப்பினேன். தங்கச்சி மகளின் நிச்சயத்துக்குள் இளமை திரும்பியாக வேண்டுமே. அவளுக்கு அப்பா இல்லை. தட்டு மாற்ற உட்கார வேண்டியவன் தாய்மாமன் நான்.

பத்தாங் பெர்ஜுந்தாயில், தங்கச்சி இருக்கும் தோட்டத்து லோரி நின்றது. டிரைவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, பின்னால் ஏறிக்கொள்ளச் சொன்னார். அவர் பக்கத்து இருக்கை காலியாகத்தான் இருந்தது. எட்டு கிலோமீட்டர் செம்மண் பாதை, தலைக்கு மேல் வானம் மட்டும்.

தோட்டத் தொழிலாளர் லயத்தில் தங்கச்சி செல்வி வடைக்கு எண்ணெய் காய வைத்திருந்தாள். சிவந்து, தோல் உரிந்து தொங்கும் என் முகத்தைப் பார்த்தாள். அடுப்பை அணைத்தாள். அம்மை கண்டவர் இருக்கும் வீட்டில் எண்ணெய் காயக் கூடாது. வாசலில் வேப்பிலை செருகினாள். மூலையில் பாய் விரித்து என்னை உட்கார வைத்து, கையெடுத்துக் கும்பிட்டாள்.

"தாயே, எங்கண்ணன் மேல வந்து இறங்கியிருக்க. கோவிச்சுக்காம குளிர்ந்து போயிரு."

அம்மை இல்லை என்று முனகினேன். அப்புறம் என்ன என்றாள். பதில் காலுறைக்குள் இருந்தது.

பத்து மணிக்குக் கோலசிலாங்கூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டு வேன் வந்தது. மாப்பிள்ளையின் அம்மா வேப்பிலையைப் பார்த்துப் படியிலேயே நின்றுவிட்டார்.

"அம்மா வந்திருக்கிற வீட்டுல தட்டு மாத்தக் கூடாது லா. தள்ளி வச்சிக்குவோம்."

எங்கே தள்ளுவது? அடுத்தது ஆடி. மாப்பிள்ளை அந்த வாரமே சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறான். திரும்ப ஒரு வருஷமாகும். உள்ளறையில் மருமகளின் வளையல் சத்தம் நின்றுபோனது.

எழுந்து போய், இது அம்மை இல்லைங்க என்றேன். யாரும் நம்பவில்லை. நிச்சயம் நிற்கக் கூடாதென்று நல்ல மனசோடு பொய் சொல்கிறேனாம். அந்தப் பாராட்டில் உடம்பு கூசியது. காலுறையை உதறி டியூப்பை எடுத்து மாப்பிள்ளையிடம் கொடுத்தேன். அவன் ஆங்கிலத்தைப் படித்துப் பார்த்து, கொஞ்சம் தயங்கினான்.

"மொகப் பருவுக்குன்னு போட்டிருக்கும்மா."

"பருவா? இந்த வயசுலயா சம்பந்தி?"

"பருவுக்கு இல்லைங்க. சுருக்கத்துக்கு. வயசு தெரியாம இருக்கட்டுமேன்னு..."

முதலில் சிரித்தது வேன் டிரைவர். மாப்பிள்ளை மீதியையும் படித்தான்: தோல் சிவக்கும், உரியும், வெயிலில் போகக் கூடாது. அவன் அம்மா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். செல்வி மட்டும் சிரிக்கவில்லை. என்னைக் கும்பிட்ட கையால் வேப்பிலையை உருவிப் போட்டுவிட்டு அடுப்பைப் பற்ற வைத்தாள். தட்டு மாறியது. போட்டோவில் தக்காளி மாதிரி இருப்பவன் நான்.

நாலு மணிக்கு லோரி கிளம்பத் தயாரானது. விஷயம் கேள்விப்பட்டு, இந்த முறை டிரைவர் சிரித்துக்கொண்டே முன்னால் உட்காரச் சொன்னார். அவர் வீட்டில் கைக்குழந்தையாம், அதனால்தான் காலையில் பயந்தாராம். அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் பின்னாலேயே ஏறினேன்.

செல்வி வழியனுப்ப வந்தாள். செம்பனைக் காட்டில் களை மருந்து அடிக்கிறவள். என்னைவிட ஆறு வயசு இளையவள். பஸ்ஸில் அந்தப் பெண் எங்கள் இரண்டு பேரையும் பார்த்திருந்தால் இடம் செல்விக்குத்தான் கிடைத்திருக்கும். டியூப்பைக் கேட்டு வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எனக்குப் போட்டாலும் போகுமாண்ணே?"

"போகும். வெயில்ல மட்டும் நிக்கக் கூடாது."



"வெயில்ல நிக்காதவளுக்கு எதுக்குண்ணே இது?"

கேலி இல்லை. நிஜமாகவே கேட்டாள். டியூப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கொடியில் காய்ந்த துண்டை எடுத்து வந்தாள். வேலைக்குப் போகும்போது தலையில் கட்டுவது. சக்கரத்தில் கால் வைத்து ஏறி, கண் மட்டும் தெரிய என் முகத்தைச் சுற்றிக் கட்டினாள்.

லோரி வளைவில் திரும்பும்வரை செல்வி வெறுந்தலையோடு வெயிலில் நின்றாள். அவள் துண்டு என் முகத்தில் இருந்தது.