ஊதிக் கட்டிய உறைகள்

அமெரிக்காவில், பனி கொட்டும் மினசோட்டாவின் வடகோடியில் பால் பண்ணைகளுக்கு இயந்திரம் பழுதுபார்த்துக்கொண்டிருந்தவர் ஆர்வில் ஹௌகன். எட்டாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. பாலிலிருந்து பாலாடையைப் பிரிக்கும் இயந்திரத்தைக் கழற்றி மாட்டுவதில் அந்த வட்டாரத்தில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. வாயைத் திறந்தால்தான் யாருக்கும் பிடிக்காது. இரண்டாம் உலகப்போர் வந்ததும் முப்பத்தெட்டு வயதில் தானாகப் போய்ப் பட்டாளத்தில் சேர்ந்தார். கை வேலையைப் பார்த்துவிட்டு கம்பெனி என்கிற ஒரு படைப்பிரிவின் துப்பாக்கிகளை அவரிடம் ஒப்படைத்தார்கள். சார்ஜென்ட் பட்டையும் கொடுத்தார்கள்.

கம்பெனிக்குத் தலைவன் கேப்டன் பிரெண்டிஸ். இருபத்தாறு வயது, தெற்கே வெயில் ஊரான ஜார்ஜியாக்காரன், சப்பாத்தில் முகம் பார்க்கலாம். கடலில் குதித்துக் கரையேறும்போது துப்பாக்கியில் தண்ணீரும் மணலும் போகக்கூடாது என்று ஆளுக்கொரு உறை வந்திருந்தது. கண்ணாடித்தாள் மாதிரி மெல்லிசு, உள்ளே இருப்பது தெரியும். துப்பாக்கியை உள்ளே விட்டு வாயை முறுக்கி மடித்துக் கட்டினால் போதும். பிரெண்டிசுக்கு அது போதவில்லை. கட்டுவதற்கு முன் உள்ளே ஊதினால் துப்பாக்கி தண்ணீரில் மிதக்கும் என்று கண்டுபிடித்தான். தொட்டியில் போட்டு மிதக்கவிட்டு மேலிடமான பட்டாலியன் அதிகாரிகளிடம் காட்டினான். அவர்கள் தட்டிக்கொடுத்தார்கள். மணல் ஒட்டாமலிருக்க எண்ணெயைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு, எல்லோரும் வயிறு ஒட்ட ஊதிக் கட்ட வேண்டும், முடிச்சின்மேல் அவன் கையெழுத்திட்ட சீட்டு ஒட்டப்படும், கரை தொடும்வரை யாரும் பிரிக்கக் கூடாது. அதுதான் உத்தரவு.

இதெல்லாம் நடந்தபோது ஹௌகன் உதிரிச் சாமான் எடுக்க வேறு ஊர்க் கிடங்குக்குப் போயிருந்தார். திரும்பி வந்தபோது கம்பெனி கப்பலேறிவிட்டது. வானிலை சரியில்லை என்று கப்பல் இங்கிலாந்துத் துறைமுகத்தை விட்டு நகராமல் நின்றது; அவரும் ஏறிக்கொண்டார்.

மூன்றாம் நாள் காலையில் அவர் கப்பலின் அடித்தளத்துக்கு இறங்கினார். மேலே குளிர் கடித்தது. கீழே நூற்றுச் சொச்சம் பேரின் மூச்சும் எஞ்சின் சூடும் சேர்ந்து புழுங்கியது. கம்பெனியின் மூன்று பிளாட்டூன்களில் முதலாவதைச் சேர்ந்த தீபோவின் படுக்கைக் கம்பியில் துப்பாக்கி தொங்கியது. லூசியானா சதுப்பு நிலத்துக்காரன் தீபோ, ஓயாமல் பேசுவான். ஹௌகன் உறையைத் தடவிப் பார்த்தார். வெளியே காய்ந்திருந்தது. உள்பக்கம் முழுக்க முத்து முத்தாகத் தண்ணீர்.

"வேர்த்திருக்குடா."

"கேப்டன் சீட்டு ஒட்டியிருக்கார்ல சார்ஜென்ட், அந்தப் பயத்துல வேர்த்திருக்கும்," என்றான் தீபோ. சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள்.

ஹௌகன் சிரிக்கவில்லை. அவர் ஊரில் மான் வேட்டையிலிருந்து வருகிறவன் துப்பாக்கியைக் கொட்டகையில் வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைவான். பனியிலிருந்து நேராக அடுப்படிக்குக் கொண்டுவந்தால் இரும்பு வேர்க்கும், விடிந்தால் துருவேறும். அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி. இங்கே சூடான மூச்சை உள்ளேயே ஊதி அடைத்துவைத்திருக்கிறார்கள். எண்ணெயும் இல்லை.

"ஐயோ, சீட்டைக் கிழிக்காதீங்க. என் தலைதான் போகும்."

"பிரிக்கலேன்னா கரையில போகும்."

பிரித்தார். குண்டேற்ற இழுக்கும் போல்ட் செம்மண் நிறத்தில் இருந்தது. இரண்டு கையாலும் இழுத்தபிறகுதான் கரகரவென்று நகர்ந்தது. சிரித்தவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள்.

நேராகக் கேப்டனிடம் போனார்.

"சார், உறை எல்லாத்தையும் பிரிக்கணும். உள்ள துரு பிடிக்குது. எண்ணெய் போட்டு, ஊதாம கட்டணும். ஒரு பகல் போதும்."

"உறைக்குள்ள தண்ணி எப்படிப் போகும்? உறையோட வேலையே அதானே?"

"தண்ணி வெளியேருந்து போகல சார். வாயிலேருந்து போயிருக்கு."

"யார் வாயிலேருந்து?"

"எல்லார் வாயிலேருந்தும். நீங்கதானே ஊதச் சொன்னீங்க."

பிரெண்டிஸ் முகம் சிவந்தது. "இது பட்டாலியன் பார்த்து ஒத்துக்கிட்ட முறை. பால் மெஷின் ரிப்பேர் பண்றவர்கிட்ட நான் பாடம் கேக்கணுமா? ஒரு சீட்டுக் கிழிஞ்சாலும் உங்க கையில பட்டை இருக்காது."

"பட்டையை வெச்சுச் சுட முடியாது சார்."

சொல்லிவிட்டுக் கீழே வந்தார். எண்ணெய் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். முதல் பிளாட்டூனில் தீபோவே ஒவ்வொன்றாகச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தான். தேய்த்து, எண்ணெய் விட்டு, காற்றைப் பிதுக்கி வெளியேற்றிக் கட்டினார்கள். மத்தியானத்துக்குள் இரண்டாம் பிளாட்டூனும் முடிந்தது. மூன்றாம் பிளாட்டூனில் முதல் துப்பாக்கியைக் கையில் எடுத்தபோது பிரெண்டிஸ் இரண்டு காவலாட்களோடு வந்து நின்றான். ஹௌகனைக் கொண்டுபோய் நங்கூரச் சங்கிலி அறையில் அடைத்தார்கள். இரும்புக் கதவை உதைத்து உதைத்து அவர் கால் வீங்கியதுதான் மிச்சம்.

கரையிறங்கும் நாளில் திறந்துவிட்டார்கள். இரண்டாவது படகில் போனார். மணலில் கால் வைத்ததும் மூன்றாம் பிளாட்டூன் ஆட்கள் கண்ணில் பட்டார்கள். மணல் மேட்டுக்கு இந்தப் பக்கம் படுத்தபடி சப்பாத்துக் குதிகாலால் போல்ட்டை உதைத்துக்கொண்டிருந்தார்கள். முன்னால் போனவர்கள் உதைப்பதை நிறுத்தியிருந்தார்கள். பதினோரு பேர். இடதுபக்கம் முதல் இரண்டு பிளாட்டூன்களும் சுட்டபடி மேடேறிக்கொண்டிருந்தன.

ஐந்தாம் நாள் பிரெண்டிஸ் கூடாரத்துக்குக் கூப்பிட்டனுப்பினான். மேஜைமேல் ஒரு தாள் இருந்தது. மூன்றாம் பிளாட்டூன் வீரர்கள் உறையின் வாயைச் சரிவரக் கட்டவில்லை, அந்தக் கவனக்குறைவால் மணலும் உப்புத்தண்ணீரும் புகுந்து துப்பாக்கிகள் இயங்கவில்லை என்று தட்டச்சு செய்திருந்தது. துப்பாக்கிப் பொறுப்பாளர் என்ற இடத்தில் கையெழுத்துக்குக் கோடு போட்டிருந்தது.

"போடுங்க. கப்பல்ல நடந்ததை நானும் மறந்துடறேன். பட்டை உங்ககிட்டயே இருக்கட்டும்," என்றான் பிரெண்டிஸ்.

ஹௌகன் வெளியே போனார். செத்தவர்களின் துப்பாக்கிகளை அவர் யாரையும் தொடவிடாமல் தார்ப்பாயில் சுருட்டி வைத்திருந்தார். அதைத் தூக்கிவந்து மேஜைமேல் போட்டார். மை பாட்டில் கவிழ்ந்தது.

"மணல் எங்க இருக்கு, காட்டுங்க சார்."

"என்ன திமிரு உமக்கு?"

"போல்ட்டைத் திறங்க. ஒண்ணே ஒண்ணு திறங்க, கையெழுத்துப் போடறேன்."

பிரெண்டிஸ் ஒன்றை எடுத்து இழுத்தான். வரவில்லை. இன்னொன்றை எடுத்து முழங்காலில் முட்டுக்கொடுத்து இழுத்தான். விரல்தோல் உரிந்தது.

"காலால உதைங்க. அவனுங்க அப்படித்தான் உதைச்சானுங்க."

கேப்டன் துப்பாக்கியை வைத்துவிட்டான். தாளைக் கையெழுத்துக் கோட்டின் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தினான்.

ஹௌகன் பென்சிலை எடுத்தார். 'மணல் இல்லை. துரு. ஊதிக் கட்டச் சொன்னது கேப்டன். பையன்கள் ஒழுங்காகத்தான் கட்டினார்கள்' என்று அந்தக் கோட்டின்மேல் எழுதினார். அழுத்தியதில் இரண்டு இடத்தில் தாள் கிழிந்தது. கீழே முழுப்பெயரையும் எழுதினார்.

சாயங்காலமே பட்டையைப் பிடுங்கிக்கொண்டு வெறும் சிப்பாயாக முதல் பிளாட்டூனுக்கு அனுப்பினார்கள். அந்தத் தாள் மேலிடத்துக்குப் போகவில்லை. பிரெண்டிஸ் புதிதாக ஒன்று அடித்து, ஹௌகன் இடத்தில் வேறொரு சார்ஜென்டிடம் கையெழுத்து வாங்கி அனுப்பினான். பதினோரு வீட்டுக்கும் அந்தப் பொய்தான் போய்ச் சேர்ந்தது.

போர் முடிந்து ஊர் திரும்பியதும் ஹௌகன் பதினோரு கடிதம் எழுதினார். எழுத்துப்பிழைகளோடு, ஒரே சங்கதியைப் பதினோரு தடவை. கடிதம் திரும்பி வந்த இரண்டு வீடுகளை விசாரித்துக் கண்டுபிடித்து, பஸ் ஏறிப் போய் வாசலில் நின்று சொல்லிவிட்டு வந்தார்.