தவராசாவின் மிக்ஸில் என் குரல்

செய்தியைக் கொண்டுவந்தவர் ஜெயந்தி. எங்கள் பகுதியின் மருத்துவிச்சி அவர். எங்கள் சிறிய பாட்டுக் குழுவின் முதற்குரலும் அவர்தான். அன்று காலை இரண்டாம் பாடவேளை, மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் சொல்வதெழுதல் கொடுத்துக்கொண்டிருந்தேன். சீருடையோடு, தலைக்கவசத்தையும் கழற்றாமல் வகுப்பு வாசலில் வந்து நின்று, "மாஸ்டர், தவம் அண்ணன் போயிற்றார்" என்றார். "எங்க?" என்று கேட்டேன். அவர் தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் எடுத்த பிறகுதான் எனக்கு விளங்கியது. பின்பு கொப்பிகளைத் திருத்தும்போது பார்த்தேன், இரண்டு பிள்ளைகள் "எங்க" என்பதையும் சேர்த்து எழுதியிருந்தார்கள்.

நாங்கள் தவம் என்று கூப்பிட்ட செட்டிபாளையம் தவராசாவை நீங்கள் பலவிதமாக அறிந்திருப்பீர்கள். வீடு கட்டியவர்களுக்கு அவர் பிளான் கீறிக் கொடுத்தவர். மட்டக்களப்பில் ஓர் அலுவலகத்தில் படவரைஞர். வீட்டில் வைத்துப் பாட்டுப் பதிய ஆசைப்பட்டவர்களுக்கு அவர் ஆலோசகர், அதுவும் கேட்ட கேள்விக்கு ஒருநாளும் நேரே பதில் சொல்லாத ஆலோசகர். வயது ஐம்பத்திரண்டு. காலையில் கிணற்றடியில் முகம் கழுவப் போனவர், நெஞ்சு நோகுது என்று சொல்லிக்கொண்டு அங்கேயே குந்திவிட்டார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில் முடிந்துவிட்டது. நான் அவரைவிட ஒரு வயது மூப்பு.

சில வருடங்களுக்கு முன் ஏறாவூரிலிருந்து ஒருவர் அவரைத் தேடி வந்தார். பன்னிரண்டு மைக் செருகக்கூடிய மிக்ஸரின் படம் அவருடைய கைப்பேசியில் இருந்தது. யாரோ பாவித்தது, மலிவாகக் கிடைக்கிறதாம், வாங்கலாமா என்று கேட்டார். தவராசா படத்தைப் பார்க்கவேயில்லை.

"ஒரே நேரத்தில எத்தின பேர் பாடப் போறீங்க?"

"நான் மட்டுந்தான்."

"அப்ப மிச்சம் பதினொரு ஓட்டையும் எதுக்கு, நுளம்பு போகவா?"

வந்தவருக்கு முகம் சுண்டிவிட்டது. தவராசா அவரை உள்ளே கூட்டிப்போய், பிளேன்டீ கொடுத்து, தன் மிக்ஸரைக் காட்டினார். அதில் நான்கு மைக் செருகலாம், அவற்றில் ஒன்று எப்போதும் கரகரக்கும். "இதும் ஆரோ பாவிச்சதுதான். மலிவு எண்டதுக்காகக் கெட்டது எண்டில்ல. ஆனா வாங்க முந்தி ஒண்டையும் செருகாம சத்தத்த மட்டும் கூட்டிக் கேளுங்க. மழ பெய்யிற மாதிரிக் கேட்டா வேணாம். மறுகா வீட்ட போய், ஃபேன நிப்பாட்டிப்போட்டு ஒருக்காப் பாடிப் பாருங்க. அரைவாசிப் பிரச்சின அதோட முடிஞ்சிரும்" என்றார். அந்த மனிதர் கடைசிவரை மிக்ஸர் வாங்கவில்லை. ஃபேன் நிப்பாட்டிய கதையைத்தான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார்.

பதிவு அறை என்று நாங்கள் பெருமையாகச் சொன்னது அவர் வீட்டின் பின்னறையை. உடுப்பு அலுமாரியின் இரண்டு கதவையும் அகலத் திறந்து, அவருடைய மனைவி சறோ அக்காவின் சேலைகளுக்கு முன்னால் மைக்கை நிறுத்துவார். அறையின் எதிரொலியைச் சேலைகள் குடித்துவிடும். ஜன்னலுக்கு ஒரு மெத்தை. ஃபேன் ஓடக்கூடாது. குசினியிலிருக்கும் குளிர்ப்பெட்டியையும் நிறுத்தியாக வேண்டும், அதன் உறுமல் பாட்டுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும் என்பார். வைகாசி வெக்கையிலும் இந்தச் சட்டத்துக்கு விலக்கு இல்லை, நாங்கள் தோளில் துவாயோடுதான் பாடப் போவோம். பின்னேரம் நாலரைக்குப் பாணும் பணிஸும் விற்கிற ஆட்டோ தன்னுடைய பாட்டைப் போட்டுக்கொண்டு தெருவில் வரும். அதோடு போட்டிக்கு நிற்காமல் பதிவை நிறுத்திவிட்டுப் பணிஸ் வாங்கித் தின்போம்.

ஒருமுறை எல்லோரும் பாடி முடித்துக் கலைந்துவிட்டோம், குளிர்ப்பெட்டியை மறந்துவிட்டோம். அடுத்த நாள் சறோ அக்கா ஒரு கிலோ இறாலையும் ஒரு சட்டி தயிரையும் கொண்டுபோய்ப் புதைத்தார். அன்றிலிருந்து அவர் ஒரு வழி செய்தார். நான் வந்து இறங்கியதும் என் மோட்டார் சைக்கிள் திறப்பை வாங்கிக் குளிர்ப்பெட்டிக்குள் வைத்துவிடுவார். "மாஸ்டர் திறப்புத் தேடினாத்தான் எங்களுக்குப் பெட்டி ஞாபகம் வரும்" என்று சொல்லிச் சிரிப்பார். அதன்பின் நான் அந்த வீட்டிலிருந்து எப்போதும் குளிர்ந்த திறப்போடுதான் புறப்பட்டேன்.

மிக்ஸ் என்றால் என்ன என்பதை அவர் விளக்கி நான் கேட்டது ஒரே ஒரு தரம். காத்தான்குடியில் துணிக்கடை வைத்திருக்கும் றிஸ்வான் எங்களுக்குக் கீபோர்ட் வாசிப்பவர். ஒரு பாட்டை முதன்முதலாகக் கேட்டுவிட்டு, "என்ட கீபோர்ட் ஒரு இடத்திலயும் உருப்படியாக் கேக்கல்லயே" என்று குறைப்பட்டார். தவராசா கோபப்படவில்லை. "பிளான் கீற வாறவங்க எல்லாரும் இதத்தான் சொல்றாங்க. ஹோலும் பெருசா வேணும், குசினியும் பெருசா வேணும், சாமியறையும் பெருசா வேணும். காணி ஒண்டுதான் றிஸ்வான். ஒண்டப் பெருசாக்கினா இன்னொண்டச் சின்னனாக்கத்தான் வேணும்" என்றார். பிறகு அதே பாட்டைத் திரும்பப் போட்டுக் காட்டினார். ஜெயந்தி பாடும்போது கீபோர்ட் பின்னுக்குப் போகிறது, ஜெயந்தி மூச்செடுக்கும் இடத்தில் முன்னுக்கு வருகிறது. றிஸ்வான் இரண்டு தரம் கேட்டுவிட்டுத் தலையாட்டினார்.

முடிந்த பாட்டைச் சோதிப்பதற்கு அவரிடம் பெரிய ஸ்பீக்கர் எதுவும் கிடையாது. கைப்பேசியில் போட்டுக் குசினி ஜன்னலில் வைப்பார். சறோ அக்கா தேங்காய் துருவிக்கொண்டிருக்க வேண்டும். துருவும் சத்தத்துக்குள்ளும் அவருக்கு வரிகள் விளங்கினால் மிக்ஸ் சரி. விளங்காவிட்டால் மீண்டும் பின்னறை. சறோ அக்காவுக்கு இதனால் வேண்டாத நாட்களிலும் தேங்காய் துருவ வேண்டியிருந்தது.

இனி என் பங்கைச் சொல்ல வேண்டும். நான் பின்குரல். பல்லவி திரும்பி வரும் இடங்களில் றிஸ்வான், தவராசா, நான் மூவரும் ஜெயந்தியோடு சேர்ந்துகொள்வோம். இருந்தது ஒரு நல்ல மைக்தான் என்பதால் ஒருவர் பின் ஒருவராக அலுமாரிக்கு முன் நின்று பாடுவோம். என் முறை வந்ததும் ஹெட்ஃபோனைத் தவராசாவே என் காதில் மாட்டிவிடுவார். இரண்டு தரம் திரும்பப் பாடச் சொல்வார். மூன்றாந்தரம், "காணும் மாஸ்டர், நல்லா வந்திருக்கு" என்பார். பாட்டு வெளிவந்ததும் களுதாவளையில் என் வீட்டில் அதைப் போட்டு, பல்லவியில் அந்தத் தடித்த ஆண்குரல் வரும் இடத்தில் என் மனைவிக்குக் கையைக் காட்டுவேன். "இதுதான் நான்." பதினொரு பாட்டுகளுக்கு இப்படிக் கை காட்டியிருக்கிறேன்.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு என்னிடமும் ஒரு பக்கம் கேட்டார்கள், எழுதிக் கொடுத்தேன். "என் குரலை ஊரறியச் செய்தவர்" என்று அதில் ஒரு வரி இருக்கிறது. மலர் கிடைத்தவர்கள் வாசித்திருப்பீர்கள். அது அச்சகத்துக்குப் போன அடுத்த கிழமைதான் எனக்கு விசயம் தெரியவந்தது. இந்தக் கட்டுரையை அந்த வரிக்கான திருத்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பன்னிரண்டாவது பாட்டு அவருடைய கணினியில் முடியாமல் கிடந்தது. பிள்ளையார் மீது ஜெயந்தி எழுதிய பாட்டு. "எல்லாரும் பாடியாச்சு, அவர் கொஞ்சம் வேலதான் மிச்சமெண்டு சொன்னவர். முப்பத்தொண்டுக்கு அதப் போடுவமா மாஸ்டர்?" என்று சறோ அக்கா கேட்டார். பக்கத்திலிருந்து பார்த்ததில் எனக்கு அந்த வேலை அரைவாசி தெரியும். ஒரு சனிக்கிழமை போய் அவருடைய கதிரையில் உட்கார்ந்து பாட்டைத் திறந்தேன்.

திரையில் ஒவ்வொருவரின் குரலும் ஒவ்வொரு வரியாக இருக்கும், பக்கத்தில் பெயர் இருக்கும். ஜெயந்தி, றிஸ்வான், தவம் என்ற மூன்று வரிகளும் பச்சையாக இருந்தன. மாஸ்டர் என்ற வரி சாம்பல் நிறத்தில் இருந்தது. ஒரு குரலைப் பாட்டில் சேராமல் அடக்கி வைப்பதற்கு ஒரு பொத்தான் உண்டு, அதை அழுத்தினால் வரி இப்படிச் சாம்பலாகிவிடும். கைதவறிப் பட்டிருக்கும் என்று நினைத்தேன். எதற்கும் என்று முந்திய பாட்டைத் திறந்தேன். அதற்கு முந்தியதையும் திறந்தேன். சறோ அக்கா வைத்துவிட்டுப் போன தேநீர் ஆறிப்போனது. பதினொன்றிலும் மாஸ்டர் சாம்பல். நான் என் மனைவிக்குக் கை காட்டிய குரல் தவராசாவுடையது.

முதலில் வெட்கமாக இருந்தது. பிறகு கோபம் வந்தது. செத்துப்போனவரோடு கோபிப்பதில் உள்ள சங்கடம், அவர் திருப்பி ஒன்றும் சொல்லமாட்டார். அச்சகத்தில் இருக்கும் என் பக்கத்தை நினைத்தபோது கோபம் இன்னும் கூடியது.

கோபத்தோடேயே அந்தச் சாம்பல் வரிகளை நெருங்கிப் பார்த்தேன். அவை சும்மா ஒதுக்கிப் போட்டவை அல்ல. ஒவ்வொன்றிலும் நான் செருமிய இடம் வெட்டப்பட்டிருந்தது. மூச்சு இரைந்த இடம் தணிக்கப்பட்டிருந்தது. பிந்தி விழுந்த சொற்களை ஒவ்வொன்றாக எடுத்து முன்னுக்கு நகர்த்தி வைத்திருந்தார். என்னைப் பாட்டுக்குள் சேர்க்க ஆன மட்டும் பார்த்து, இயலாமல் போன பிறகுதான் அந்தப் பொத்தானை அழுத்தியிருக்கிறார். முதல் பாட்டில் முடியாதது இரண்டாவதில் முடியும் என்று நினைத்தாரோ என்னவோ, பதினொன்றிலும் அதே வேலையைச் செய்திருந்தார்.

என் குரலைத் தனியே போட்டுக் கேட்டேன். ஒவ்வொரு வரியின் கடைசி எழுத்தையும் நான் இழுக்கிறேன். கடைசி வரிசைப் பிள்ளையும் எழுதி முடிக்கட்டும் என்று நிற்கிற இழுவை அது. இருபத்தைந்து வருடம் சொல்வதெழுதல் கொடுத்த வாய்க்கு அது தெரியவில்லை.

ஆனாலும் மனம் விடவில்லை. பன்னிரண்டாவது பாட்டை இரண்டு விதமாக மிக்ஸ் செய்தேன். ஒன்றில் என் குரலை நன்றாகக் கேட்கும்படி தூக்கி வைத்தேன். மற்றதில் தவராசா வைத்தபடியே விட்டேன். எது நல்லது என்று மட்டும் கேட்டு றிஸ்வானுக்கு அனுப்பினேன். கடையில் ஆள் குறைந்த நேரம் பார்த்து அவர் அழைத்தார்.

"ரெண்டாவதுதான், சேர். அதிலதான் ஜெயந்தி அக்காட குரலுக்கு இடம் இருக்கு." பிறகு, "முதலாவதுல உங்கட குரலப் போட்டிருக்கீங்க போல" என்றார்.

"அப்ப உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும் சேர்."

"ஜெயந்திக்கு?"

"ஜெயந்தி அக்காக்கும் தெரியும். சறோ அக்காக்கும் தெரியும்."

"ஏன் ஒருத்தரும் எனக்குச் சொல்லல்ல?"

அந்தப் பக்கம் யாருக்கோ சாறத்தின் விலையைச் சொல்லிவிட்டு மீண்டும் வந்தார். "நான் ஒருக்காக் கேட்டன் சேர், சொல்லிருவமே எண்டு. தவம் அண்ணன் வேணாமெண்டார். 'சொன்னா மாஸ்டர் பாடமாட்டார். பாடாட்டி வரமாட்டார். அவர் வராட்டி மறுகா எனக்கு எதுக்குப் பாட்டு' எண்டார்."

நான் பிறகு பேசுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். தவராசாவின் இறுதிச் சடங்கில் நான் அழவில்லை. அன்று பின்னறையில், திறந்து கிடந்த அலுமாரிக்கு முன்னால் இருந்து அழுதேன். மெத்தை ஜன்னலில் இருந்ததால் வெளியே கேட்டிருக்காது.

முப்பத்தோராம் நாள் சாப்பாட்டுக்குப் பிறகு பாட்டைப் போட்டோம். என் வரியை நானே அடக்கியிருந்தேன், அதற்கு ஓர் அழுத்துத்தான். கேட்டவர்களுக்குப் பிடித்திருந்தது. களுதாவளையிலிருந்து வந்த ஒருவர், கையில் மலரோடு என்னிடம் வந்து, "மாஸ்டர், உங்கட குரல் நல்லாக் கேக்குது" என்றார்.

"அது நானில்ல. அது தவம்" என்றேன்.

அவர் திரும்பி மாலை போட்ட படத்தைப் பார்த்தார். கையில் தண்ணீர்ச் செம்போடு நின்றிருந்த சறோ அக்கா என் பக்கம் திரும்பினார். "இன்னொருக்காப் போடுங்க மாஸ்டர்" என்றார். போட்டேன்.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் மூவரும் அந்த வீட்டில்தான் கூடுகிறோம். ஜெயந்தி புதிதாக ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறார். நான் ஃபேனை நிறுத்துகிறேன், மெத்தையை ஜன்னலில் சாத்துகிறேன், றிஸ்வானின் காதில் ஹெட்ஃபோனை மாட்டிவிடுகிறேன். பாடுவதில்லை. தவராசாவிடமிருந்து எனக்கென்று எடுத்துக்கொண்டது, றிஸ்வான் வாயால் வந்த அந்த மூன்று வரிகளைத்தான். அவற்றில் 'பாடாட்டி வரமாட்டார்' என்ற இரண்டாவது வரியோடு எனக்கு இன்னும் வழக்கு இருக்கிறது. சேலைக்குப் பின்னால் பூச்சி ஊர்ந்தாலும் கேட்கிற காது அவருக்கு, அந்த ஒன்றை மட்டும் பிழையாகக் கேட்டுவிட்டார். சொல்லியிருந்தால் ஒரு மாதம் முகத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டில் இருந்திருப்பேன், அது உண்மை. அதற்குப் பிறகு பாடாமலும் வந்திருப்பேன், தவம்.