ஃபாதர் திபோடோ காக்கும் திருமணங்கள்

திருமணப் படங்களை ஃபாதர் திபோடோ பூதக்கண்ணாடி வைத்துத்தான் பார்ப்பார். கையிலிருக்கும் டோனட்டின் சர்க்கரை படத்தில் உதிரும். அதைச் சுண்டுவிரலால் ஒதுக்கிவிட்டு மணப்பெண்ணின் வாயைத் தேடுவார். "பல்லு தெரியுது பாருங்க. இஷ்டமில்லாதவ இப்படிச் சிரிப்பாளா?"

எங்கள் மறைமாவட்டத் தீர்ப்பாயத்தில் அவர் திருமணப் பிணைப்பின் காவலர். தன் திருமணம் செல்லாது என்று அறிவிக்கக் கேட்டு யார் வந்தாலும், செல்லும் என்று வாதாடுவது அவர் வேலை. யாராவது செய்யத்தான் வேண்டும். இவ்வளவு ருசித்துச் செய்ய வேண்டியதில்லை. "பீடத்துக்கு முன்னாடி சம்மதம்னு சொன்னப்ப மனசு எப்படி இருந்துச்சு, அதான் கேள்வி. அடிச்சான், குடிச்சான்கிறதெல்லாம் பிந்தின கதை." நியூ இங்கிலாந்துப் பனியில் நனைந்து வருபவர்கள் பூட்ஸை வாசலிலேயே கழற்ற வேண்டும், தரைவிரிப்பு கெட்டுவிடுமாம். வெறும் காலுறையோடு உட்கார்ந்து படுக்கையறைக் கதையைச் சொல்வார்கள்.

என் அண்ணன் ரெமியின் மனைவி லொரேனும் அப்படித்தான் உட்கார்ந்தாள். முதல் கணவன் நார்மனை அவள் கட்டியது தன் அப்பாவின் பெல்ட்டுக்குப் பயந்து. அவனை விட்டு வந்து ரெமியை நகராட்சி அலுவலகத்தில் மணந்தாள். கோயில் கணக்கில் அவள் இன்னும் நார்மனின் மனைவிதான்; அன்றிலிருந்து இருவருக்கும் நற்கருணை கிடையாது. கணையப் புற்று வந்தபின் ரெமி கேட்டது ஒன்றுதான்: கண்ணை மூடுமுன் அவளைக் கோயிலில் வைத்துக் கட்ட வேண்டும்.

ஃபாதர் பழைய படத்தை நீட்டினார். "இங்க சிரிக்கிறீங்களே, மிஸஸ் பூஷே." பூஷே, நார்மனின் குடும்பப் பெயர்.

"போட்டோக்காரர் சிரிக்கச் சொன்னாரு, ஃபாதர்."

"சொன்னா சிரிச்சுடுவீங்களா?"

"அந்த வீட்ல சொன்னதைச் செஞ்சுதான் பழக்கம்."

தீர்ப்பு லொரேனுக்குச் சாதகமாகவே வந்தது. ஃபாதர் மேல்முறையீடு செய்தார். அது விசாரணைக்கு வருமுன் ரெமி போய்விட்டான்.

துக்கம் விசாரிக்க வந்தவர், நல்ல செய்தி கொண்டுவந்தவரின் முகத்தோடு லொரேன் பக்கம் குனிந்தார். "இனிமே தடை ஒண்ணுமில்லம்மா. பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டா ஞாயித்துக்கிழமையே நற்கருணை வாங்கலாம்."

அடக்கத் திருப்பலியையும் அவரே நிறைவேற்றினார். முடிந்ததும் சவப்பெட்டி மூடியிலிருந்த சிலுவையைக் கழற்றினார். எங்கள் ஊர் வழக்கப்படி அது மனைவியின் கைக்குப் போகும். லொரேன் இரு கைகளையும் நீட்டியிருந்தாள். அவர் அவளைத் தாண்டி வந்து, சிலுவையை என் உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடித்துவிட்டார்.