பருத்திக்காட்டு மகளும் என் அம்மாவும்

திருத்துறைப்பூண்டிக்குக் கிழக்கே இருக்கும் எங்கள் ஊருக்கு அமெரிக்காவிலிருந்து ஒரு நர்ஸ் வரப்போகிறார் என்றதும், எல்லோரும் ஒரு வெள்ளைக்காரியை எதிர்பார்த்தார்கள். பஸ்ஸை விட்டு இறங்கியவர் எங்களைவிடக் கறுப்பு. அம்மா அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இது நம்ம தெருப் பொண்ணு மாதிரில்ல இருக்கு" என்றாள்.

அறுபத்தேழில் ஆட்சி மாறி நாலைந்து வருஷம் ஆகியிருந்த காலம். மேடைக்கு மேடை எல்லோரும் சமம் என்று பேசினார்கள். எங்கள் பக்கத்து வயல்களிலோ கூலிக்கும் குடியிருக்கும் மனைக்கும் ஓயாத சண்டை. அம்மா நடவுப் பெண்களுக்குத் தலைவி. அவள் கிளம்பினால்தான் மற்றவர்கள் கிளம்புவார்கள். நான் ஆசிரியப் பயிற்சி முடித்து வேலைக்குக் காத்திருந்தேன். தெருவில் கொஞ்சம் இங்கிலீஷ் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அதனால் நர்ஸ் குழந்தைகளை எடை போட வரும்போதெல்லாம் நான்தான் கூடப் போய் மொழிபெயர்ப்பேன். வேலை முடிந்ததும் எங்கள் வீட்டுக்கு வருவார். அம்மா கொடுக்கும் நீராகாரத்தை ருசித்துக் குடிப்பார்.

ஒரு மத்தியானம் அம்மா கேட்டாள்: "உங்க அப்பாருக்கு அங்க என்ன வேலை?"

"பருத்திக்காட்டில் வேலை. நிலம் எங்களுடையது இல்லை. விளைந்ததில் பாதி முதலாளிக்கு" என்றார் நர்ஸ்.

அம்மாவுக்கு நம்பிக்கை வரவில்லை. நான்தான் தப்பாகச் சொல்கிறேனோ என்று என்னை முறைத்தாள். "அமெரிக்காவுலயா? சரி, வீடாவது சொந்த வீடா?"

"வீடும் முதலாளியுடையதுதான்."

பிறகு அவர் சொன்னதை ஒவ்வொரு வாக்கியமாக நான் தமிழில் சொன்னேன். கறுப்பர்கள் ஓட்டுப் போடக் கூடாது என்று அவர்கள் ஊரில் எழுதாத சட்டம். ஒருநாள் அவருடைய அப்பா இருந்த ஒரே கோட்டுச் சட்டையைப் போட்டுக்கொண்டு, வாக்காளராகப் பெயர் பதிய டவுனுக்குப் போனார். நாள் முழுக்க வெயிலில் நிற்க வைத்து, நாளைக்கு வா என்று அனுப்பிவிட்டார்கள். அவர் வீடு திரும்புவதற்குள் சேதி முதலாளிக்கு எட்டிவிட்டது. கட்டில், அடுப்பு, கோழிக்கூடு எல்லாம் ரோட்டில் கிடந்தன. சொந்தமாகக் கொஞ்சம் நிலம் வைத்திருந்த இன்னொரு கறுப்பர் இடம் கொடுத்தார். அந்தக் குளிர்காலம் முழுவதும் ஒரு கித்தான் கூடாரத்தில் கிடந்தார்கள்.

"அந்தக் கூடாரத்திலிருந்துதான் நான் பள்ளிக்கூடம் போனேன். ஒரு நாளும் அம்மா என்னை அழுக்கு உடுப்போடு அனுப்பியதில்லை" என்றார்.

"ஓட்டுப் போட்டாரா இல்லையா, அதச் சொல்லு முதல்ல" என்று அம்மா அவசரப்படுத்தினாள்.

"போட்டார். திரும்பத் திரும்பப் போய் நின்று, கடைசியில் போட்டார்."

"அப்படிப் போடு!" என்று அம்மா தொடையில் தட்டினாள்.

அதற்குப் பிறகு அவள் தன் அப்பாவைப் பற்றிச் சொன்னாள். வேலைக்குப் பிந்தி வந்தார் என்று பண்ணையில் அவரைக் கட்டி வைத்துச் சவுக்கால் அடித்து, சாணியைக் கரைத்துக் குடிக்க வைத்ததை அதுவரை என்னிடம்கூடச் சொன்னதில்லை. அதை இங்கிலீஷில் ஒவ்வொரு வார்த்தையாகத் தேடித் தேடிச் சொன்னேன். நர்ஸ் பொறுமையாகக் காத்திருந்தார். நான் சொல்லி முடித்ததும் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

சில நாள் கழித்து மூவரும் கடைத்தெருவுக்குப் போனோம். டீக்கடைக்காரர் நர்ஸை பெஞ்சில் உட்காரச் சொல்லிக் கண்ணாடி கிளாஸில் டீ கொடுத்தார். எங்களுக்கு வெளியே, கூரைக் காலில் மாட்டியிருந்த தகரக் குவளை. நாங்களே எடுத்துக் கழுவி நீட்ட வேண்டும். நர்ஸ் தன் கிளாஸைக் கீழே வைத்துவிட்டார். படிக்கும் காலத்தில் தானும் தோழிகளும் கறுப்பர்களை உட்காரவிடாத வெள்ளையர் சாப்பாட்டுக் கடையில் போய் உட்கார்ந்ததையும், அங்கிருந்தவர்கள் தலையில் சர்க்கரையைக் கொட்டியும் எழுந்திருக்காததையும் மெல்லிய குரலில் சொன்னார். நான் அம்மாவிடம் சொன்னேன்.

"கூலி கேட்டுக் களத்துல உக்காந்தவதானே நானு. பெஞ்சுல உக்கார எவ்வளவு நேரமாவும்?" என்று சொல்லிக்கொண்டே அம்மா போய் உட்கார்ந்தாள். நானும் உட்கார்ந்தேன்.

"என்ன புதுப் பழக்கம் இது? எந்திரி" என்றார் கடைக்காரர்.

"எந்திரிக்கலீங்க. ரெண்டு டீ போடுங்க. கிளாஸ்ல."

கூட்டம் கூடிவிட்டது. வயல்களுக்கெல்லாம் சொந்தக்காரரான மிராசுதாரின் காரியக்காரர் சைக்கிளை நிறுத்திவிட்டு வந்தார். "சாயங்காலத்துக்குள்ள வீட்டக் காலி பண்ணிடு. எங்க மனையில இருந்துகிட்டு இந்தத் திமிரா?"

அம்மா உட்கார்ந்தபடியே சொன்னாள்: "எந்த மனைங்க? குடியிருக்கிறவங்களுக்குத்தான் மனைன்னு சட்டம் வந்தாச்சு. தாசில்தாரு அளந்துட்டுப் போனப்ப நீங்களும்தானே நின்னீங்க?"

அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அன்று டீ வரவில்லை. ஆனால் நாங்கள் இருட்டும்வரை எழுந்திருக்கவும் இல்லை.

மறுநாள் காலை நடவுக்குக் கிளம்பிய பெண்கள் அத்தனை பேரும் வயலுக்குப் போகாமல் டீக்கடைக்கு வந்தார்கள். பெஞ்சு கொள்ளவில்லை. மீதிப் பேர் வாசலில் உட்கார்ந்தார்கள். பறித்த நாற்றுக் கட்டுகள் வரப்பில் கிடந்தன. வெயில் ஏற ஏறக் காரியக்காரர் வயலுக்கும் கடைக்குமாக அலைந்தார். கடைசியில் அவரே கடைக்காரரிடம், "குடுத்துத் தொலைப்பா. நாத்து வாடுது" என்று கத்தினார்.

அம்மா கையில் கண்ணாடி கிளாஸில் டீ வந்தது. ஒரு வாய் குடித்துவிட்டு, "சக்கர பத்தலீங்க" என்றாள். தெருவே சிரித்தது. கடைக்காரரும் தலையைக் குனிந்துகொண்டு சர்க்கரை போட்டார். அன்றைக்கு நான் நிமிர்ந்த நிமிர்வு பிற்பாடு ஆசிரியையாகி எந்த மேடையில் ஏறியபோதும் எனக்கு வாய்க்கவில்லை.

எல்லாம் அதோடு மாறிவிடவில்லை. பக்கத்து ஊரில் தனிக் குவளை இன்னும் பல வருஷம் தொங்கியது. எங்கள் ஊரில் மட்டும் திரும்ப வரவில்லை.

நர்ஸ் ஊருக்குத் திரும்பும் நாளில் அம்மா மனைப் பட்டாவை எடுத்துக் காட்டினாள். தமிழ் எழுத்தை விரலால் தடவிப் பார்த்தார் அவர். "எங்கள் அப்பா ஓட்டுரிமை வாங்கிவிட்டார். வீடு நிற்கும் நிலம் இன்னும் அவருக்குச் சொந்தமாகவில்லை" என்றார்.

"கெடைக்கும்னு சொல்லு. விடாம கேக்கச் சொல்லு" என்றாள் அம்மா. பிறகு என்னிடம் திரும்பி, "நாங்க கேக்கச் சொன்னோம்னு சொன்னியா?" என்று உறுதிப்படுத்திக்கொண்டாள்.

பஸ் ஏறும்போது நர்ஸ் அழுதார். அம்மா அழவில்லை. பஸ் மறைந்ததும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு களையெடுக்கப் போய்விட்டாள்.