இடுப்பளவு எடுக்கப் போன வீடு

அந்த அளவு நாடாவை இன்னும் தூக்கிப் போடவில்லை. வேலை முடிந்த அன்று சாமான்களையெல்லாம் ஒப்படைக்கச் சொன்னார்கள். எடை மெஷினையும் ரத்தம் எடுக்கும் குழாய்கள் இருந்த பெட்டியையும் கேட்டு வாங்கியவர்கள் இதை மறந்துவிட்டார்கள். எண்கள் பாதி அழிந்த அந்த மஞ்சள் நாடா என் தையல் டப்பாவில் சுருண்டு கிடக்கிறது. ஊசி தேடும்போதெல்லாம் அதுதான் முதலில் கையில் வரும், கூடவே ஆரியசாலை அக்காவின் நினைவும்.

வீடு வீடாகப் போய்ப் பெண்களின் இடுப்பை அளப்பதுதான் அப்போது என் வேலை. சொன்னால் சிரிப்பார்கள், நானும் சிரித்திருக்கிறேன். உடல் பருமனோடு தொடர்புடைய ஒரு மரபணு மாறுபாட்டைப் பற்றிய ஆய்வு அது. அபூர்வமான ஒன்றல்ல, உலகம் முழுக்க ஏராளமான பேரிடம் இருப்பதுதான். வெள்ளைக்காரர்களிடம் முதலில் பார்த்தபோது, அது உள்ளவர்கள் சராசரியாகச் சற்றுக் கூடுதல் எடையோடு இருந்தார்களாம். பசி அடங்கவும் நேரமாகுமாம். ஆனால் மக்கள் மாறினால் அதே மாறுபாடு அதே அளவுக்கு வேலை செய்வதில்லை. நம் பக்கத்தில் எப்படி என்று பார்க்க, ஆரியசாலைக் கடைத்தெருவின் வியாபாரக் குடும்பங்களிலும் பொன்முடி தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயங்களிலும் ரத்தமும் அளவும் எடுத்தோம்.

அக்கா திருநெல்வேலியிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவர். கீழே வத்தலும் மல்லியும் மூட்டை மூட்டையாக அடுக்கிய மொத்தக் கடை, மாடியில் வீடு. படி ஏறுவதற்குள் எனக்கு நாலு தும்மல் வந்துவிடும். அளவெடுக்க ஆள் வருகிறது என்று பட்டுப்புடவை கட்டி, பவுடர் பூசிக் காத்திருந்தார். பட்டின் மேல் எங்கே அளப்பது? கொசுவத்தைத் தளர்த்தச் சொல்லி, விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே நாடாவைச் சுற்ற வேண்டும். அதற்கு எதிரில் நிற்பவரைக் கிட்டத்தட்டக் கட்டிப்பிடித்தாக வேண்டும். இறுக்குகிறதா என்று கேட்டேன்.

"இல்ல. பைய எடு. ஒண்ணும் அவசரமில்ல," என்றார். கொஞ்சம் பொறுத்து, "ஒரு ஆளு இப்படித் தொட்டு எத்தன காலமாச்சு, கேட்டியா," என்றார். அளவைக் குறித்துக்கொண்டேன்.

அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். எல்லாருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் அடுக்களையில் தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறவர் அவர். என்ன சாப்பிடுகிறார் என்று அந்த வீட்டில் யாரும் பார்த்ததில்லை. பார்க்காததால் அவரவர் இஷ்டத்துக்கு நினைத்துக்கொண்டார்கள். "நான் திருடித் திங்கேன்னு மாமியா நெனைக்காவ. இது ரத்தத்துல உள்ளதுன்னு ஒரு பேப்பர்ல எழுதித் தருவியா பிள்ள? அவிய கிட்ட காட்டணும்," என்றார். கேட்டுப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

தர முடியாது என்று ஆபீசில் சொல்லிவிட்டார்கள். தனித்தனியாக யாருக்கும் முடிவு சொல்வதில்லை என்பது விதி. விதி இல்லாவிட்டாலும், ஒரு மரபணுவை வைத்து ஒருத்தியின் உடம்புக்குத் தீர்ப்பு எழுத முடியாதுதான். சில மாதம் கழித்து மறுபடி அளக்கப் போனபோது அக்காவிடம் இதை விளக்கினேன்.

"ஊருக்கெல்லாம் சொல்லுவிய. எனக்கு மட்டும் சொல்ல மாட்டிய," என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சமாதானப்படுத்தத் தோட்டத்துப் பெண்களின் கதையை எடுத்தேன். அவர்களில் பலருக்கும் அந்த மாறுபாடு இருக்கலாம், ஆனாலும் ஒல்லியாகத்தான் இருக்கிறார்கள், நாள் முழுக்க மலை ஏறி இறங்குகிற உடம்பில் அது அவ்வளவாகத் தலைதூக்குவதில்லை என்று, ஆய்வை நடத்திய டாக்டர் சொன்னதை அப்படியே ஒப்பித்தேன். அக்கா மரபணுவைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"அவளுவ எல்லாம் ஒண்ணாவா போவாளுவ?" என்று கேட்டார்.

"ஆமாக்கா. பேசிக்கிட்டே வரிசையாப் போவாங்க."

நாடாவின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டார். "அப்படிக் கூட வர ஆளு இருந்தா நானும் கேறிருவேன் பிள்ள. எந்த மலையா இருந்தாலும்."

ஆய்வு முடிந்தது. உறுதியாகச் சொல்ல இன்னும் நிறையப் பேரை அளக்க வேண்டுமாம். ஒரு வேலையும் இல்லாமல், சும்மா அவரோடு பேசிவிட்டு வரலாம் என்று ஒருநாள் போனேன். கடைக்குப் புதுப் பெயர்ப்பலகை மாட்டியிருந்தார்கள். கடையோடு வீட்டையும் விற்றுவிட்டு அக்கா குடும்பம் மகனோடு பெங்களூர் போய்விட்டதாகச் சொன்னார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. யார் மேல் என்று இன்றுவரை தெரியவில்லை.

இப்போது கிழக்கேகோட்டையில் இரண்டு அறை வீட்டில் இருக்கிறேன். கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார், மகள் துபாயில். சமைக்கிறேன், நின்றுகொண்டே சாப்பிடுகிறேன், உடம்பும் வைத்துவிட்டது. போன வாரம் சுகாதாரக் கணக்கெடுப்புக்கு ஒரு பெண் வந்தாள். இடுப்பை அளக்க வேண்டும், ஆனால் டேப்பை எங்கோ விட்டுவிட்டாளாம். தையல் டப்பாவிலிருந்து மஞ்சள் நாடாவை எடுத்துக் கொடுத்தேன். அவள் என்னைச் சுற்றிக் கையை நீட்டி நாடாவின் முனைகளைச் சேர்த்தாள். அவள் தலையின் எண்ணெய் வாசனை முகத்தருகே வந்தது. அப்படியே நின்றேன்.

"டைட்டாயோ சேச்சி?" என்று மலையாளத்தில் கேட்டாள்.

"இல்ல மோளே. பைய எடு," என்றேன். "ஒண்ணும் அவசரமில்ல."